மாசி கார்த்திகை, பங்குனி ஆதிரை

கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ராத்திரி வேலை புதிதல்ல. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் நாட்களில் மோட்டாரைப் போட்டுவிட்டு, கடைசி வாழைக்குத் தண்ணீர் ஏறும் வரைக்கும் வரப்பில் காத்திருக்க வேண்டும். கையில் டார்ச்சும் தடியும், காலில் பூட்ஸும் இருக்கும். பாம்பு பயமும் பன்றி பயமும் ஒரு பக்கம், தூக்கம் இன்னொரு பக்கம். அந்த நேரத்தில் பலரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூடலூருக்கு மேற்கே மலையை ஒட்டி நாலு ஏக்கரில் வாழையும் தென்னையும் வைத்திருக்கும் ஒரு விவசாயி மட்டும், மடியில் ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்.

அவருக்கு வயது 57. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. ஜோதிடத்தில் நாட்டம் கிடையாது. அவர் நட்சத்திரம் பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம், அவருடைய அய்யா அடிக்கடி முணுமுணுத்த ஒரே ஒரு வரி.

"மாசி கார்த்திகை, பங்குனி ஆதிரை, சித்திரை புனர்பூசம், வைகாசி மகம்."

வாய்ப்பாடு மாதிரி அதைச் சொல்லிக்கொண்டே அய்யா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்குப் போவார். பத்து வயதுப் பையனாக இருந்த இவருக்கு அது தப்பாகப் பட்டது. மாசி என்றால் மகம், பங்குனி என்றால் உத்திரம், வைகாசி என்றால் விசாகம். கோயில் திருவிழாவுக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். அய்யா ஏதோ குழப்பிச் சொல்கிறார் என்றே பல வருஷம் நினைத்திருந்தார்.

ஓடைத் தண்ணீரில் வந்த தகராறு

தாத்தா காலத்தில் அந்தத் தோட்டத்துக்குக் கிணறு இல்லை. மலையிலிருந்து இறங்கும் ஓடையில் கல்லை அடுக்கி, ஒரு வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பியிருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீருக்குக் குறை இருக்காது. மாசி பிறந்தால் ஓடை மெலிந்துவிடும். தென்மேற்கு மழை பிடிக்கும் வரைக்கும் அந்த மெலிந்த தண்ணீரைத்தான் இரண்டு பிள்ளைகளும் பங்கு போட்டுப் பாய்ச்ச வேண்டும்.

பகலைப் பிரிக்க நிழல் இருந்தது. ராத்திரியைப் பிரிக்கத் தாத்தா வைத்த அடையாளம் நட்சத்திரம். சொன்ன நட்சத்திரம் மேற்கு மலைக்குப் பின்னால் விழுந்ததும் மடையை மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஒருவருக்கு, அதற்குப் பின்னால் மற்றவருக்கு. மாதம் பிறந்ததும் முன்முறை எடுத்தவர் பின்முறைக்கு மாறிக்கொள்வார்.

மூத்த பிள்ளையான அய்யா தோட்டத்திலேயே இருந்தார். இளையவர் 18 வயதில் பட்டாளத்துக்குப் போய், 17 வருஷம் கழித்து 1978இல் எச்.எம்.டி. வாட்ச்சைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். அதற்குள் தாத்தா காலமாகிவிட்டார். 'கார்த்திகை மலையில விழுந்தா மடை மாத்தணும்' என்பது மட்டும் சின்ன வயதிலிருந்து இளையவர் மனதில் நின்றிருந்தது.

அவர் வந்தது பங்குனி மாதம். அந்த மாதம் முன்முறை அய்யாவுக்கு. ஒரு நாள் ராத்திரி கார்த்திகை மலையில் விழுந்தபோது தம்பியின் வாட்ச்சில் மணி ஒன்பதேகால். வாய்க்காலுக்கு வந்து பார்த்தால் மடை மாறவில்லை. பதினொன்றேகால் வரைக்கும் மாறவில்லை.

"ரெண்டு மணி நேரத் தண்ணியைத் திருடிட்டியே அண்ணே" என்றார் தம்பி.

"பங்குனிக்கு அடையாளம் வேறப்பா" என்றார் அண்ணன்.

"அய்யா வச்ச அடையாளத்தை நான் ஊர்ல இல்லாதப்ப மாத்திட்ட" என்றார் தம்பி.

பெரியவர்கள் கூடி, இனிமேல் வாட்ச் மணிக்கு மடை மாற்றிக்கொள்ளுங்கள் என்று தீர்த்து வைத்தார்கள். தண்ணீர்த் தகராறு தீர்ந்தது. ஆனால் 'திருடிட்ட' என்ற சொல் தீரவில்லை. மறு வருஷமே தம்பி தன் பங்கில் தனிக்கிணறு வெட்டிக்கொண்டார். ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொரு வீடு போகவில்லை. 2003இல் அய்யா இறந்தபோது சித்தப்பா மயானம் வரைக்கும் வந்து, தள்ளி நின்றுவிட்டுப் போனார்.

கிழக்கும் மேற்கும் மாறிய படம்

2024 தொடக்கத்தில் மதுரையில் கல்லூரியில் படிக்கும் மகள், பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு நட்சத்திர வழிகாட்டி நூலை வாங்கி வந்தாள். பிரிட்டனில் அச்சான ஆங்கில நூல். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வட்டப் படங்கள், கறுப்புப் புள்ளிகளாக நட்சத்திரங்கள். பெரிய புள்ளி என்றால் வெளிச்சமானது, சின்னப் புள்ளி என்றால் மங்கலானது. ஒரு படத்தில் ஆறேழு பொடிப்புள்ளிகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. "இதுதாம்பா கார்த்திகை" என்றாள் மகள். அந்த நிமிஷம்தான் அய்யாவின் வரி அவருக்கு நினைவுக்கு வந்தது. படத்தில் கார்த்திகை இருக்கிறது என்றால், ஆதிரையும் புனர்பூசமும் மகமும் இருக்க வேண்டும். அய்யா சொன்னது சரியா, தப்பா என்று பார்த்துவிடலாமே.

முதல் ராத்திரியே படம் அவரை ஏமாற்றியது. புலப்படம் பார்த்துப் பழகியவர் அவர். மேலே வடக்கு என்றால் வலது கைப்பக்கம் கிழக்கு. இந்தப் படத்திலோ மேலே வடக்கு, இடது கைப்பக்கம் கிழக்கு என்று போட்டிருந்தது. அச்சுப் பிழை என்று முடிவு கட்டிவிட்டார். மறுநாள் மகள் அவரை வாசலில் மல்லாக்கப் படுக்க வைத்து, படத்தை முகத்துக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தாள். வடக்கு வடக்காகவும், கிழக்கு கிழக்காகவும் வந்து பொருந்தின. புலப்படம் காலுக்குக் கீழே கிடக்கும் தரையைக் காட்டுகிறது. நட்சத்திரப் படம் தலைக்கு மேலே இருக்கும் கூரையைக் காட்டுகிறது. கீழே குனிந்து பார்ப்பதற்கும் மேலே நிமிர்ந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு சுலபமான முறையையும் கண்டுகொண்டார். எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோமோ, படத்தில் அந்தத் திசை எழுதியிருக்கும் ஓரம் கீழே வரும்படி தாளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மேற்கு மலையைப் பார்த்தால் மேற்கு ஓரம் கீழே. அப்போது படத்தின் கீழ் விளிம்பு மலை, நடுப்பகுதி உச்சந்தலை.

டார்ச் வெளிச்சத்தில் படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் வானம் வெறும் கறுப்பாகத் தெரிந்தது. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். ஒரு தடவை வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டும். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டியதும் அந்தத் தொல்லை நின்றது. நடக்கும்போது மட்டும் தாளைக் கழற்றிவிடுவார். பாம்பு விஷயத்தில் சிவப்பு வெளிச்சத்தை நம்ப முடியாது.

துருவ நட்சத்திரத்துக்கு ஒரு கைப்பிடி

அடுத்த சிக்கல் துருவ நட்சத்திரம். வடக்கு வானத்தில் பாதி உயரத்துக்கு மேலே தேடு என்றது நூல். பல நாள் தேடியும் அங்கே ஒன்றும் இல்லை. கடைசியில் நூலின் முன்னுரையை மகள் படித்துச் சொன்னாள். படங்கள் எல்லாம் பிரிட்டனின் அட்சரேகைக்குப் போட்டவை.

துருவ நட்சத்திரம் ஒரு ஊரில் எத்தனை பாகை உயரத்தில் தெரியுமோ, அதுதான் ஏறக்குறைய அந்த ஊரின் அட்சரேகை. லண்டனில் 51 பாகை, டெல்லியில் 28 பாகை. கூடலூருக்குப் பத்து பாகைகூட முழுசாக இல்லை. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால், அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய பத்து பாகையை மறைக்கும். மூன்று விரல் சேர்த்தால் ஐந்து பாகை, சுண்டுவிரல் ஒரு பாகை. சின்னப் பிள்ளைக்குக் கை சின்னது, கையின் நீளமும் குறைவு. அதனால் எல்லோருக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். மலை மறைக்காத இடமாகப் பார்த்து நின்று, வடக்கே அடிவானத்தின் மேல் ஒரு கைப்பிடி வைத்தார். அதன் மேலேயே மங்கலாக ஒரு நட்சத்திரம் நின்றது. எத்தனை மணிக்குப் பார்த்தாலும் அது நகரவில்லை.

தெற்கே இதற்கு நேர்மாறான சிக்கல். மாசி மாதம் முன்னிரவில் தெற்கு மலைக்கு மேலே இரண்டரை கைப்பிடிக்குக் கூடுதலான உயரத்தில் பளிச்சென்று ஒரு நட்சத்திரம் நிற்கிறது. நூலின் படத்தில் அது இல்லவே இல்லை. அதுதான் அகத்தியர் நட்சத்திரம். வானத்தில் தெரியும் நட்சத்திரங்களில் வெளிச்சத்தில் இரண்டாவது இடம் அதற்கு. பிரிட்டனில் அது உதிப்பதே இல்லை என்பதால் அந்த ஊர்ப் படத்தில் இடம் கிடைக்கவில்லை. சித்திரை, வைகாசி ராத்திரிகளில் தெற்கே தெரியும் திரிசங்கு என்கிற சிலுவை வடிவக் கூட்டத்துக்கும் அதே கதைதான்.

வேறு மண்ணுக்கு எழுதிய உரச் சிபாரிசை இங்கே அப்படியே போட்டால் என்ன ஆகும் என்பது விவசாயிக்குத் தெரியும். படத்தையும் ஊருக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் ஊர் பெயரைக் கம்பம் என்று கொடுத்து, ஒவ்வொரு மாதமும் ராத்திரி ஒன்பது மணிக்கு உள்ள வானத்தை மகள் பன்னிரண்டு தாளில் அச்செடுத்து வந்தாள். அந்தத் தாள்கள்தான் இன்றைக்கும் அவர் மடியில் கிடக்கின்றன. ஆங்கில நூலை அவர் தூக்கிப் போடவில்லை. எதை எப்படிப் பார்ப்பது என்பதற்கு நூல், எங்கே பார்ப்பது என்பதற்குத் தாள்.

சுவரில் தொங்கிய வழிகாட்டி

படத்தில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பெட்டல்ஜியூஸ், போலக்ஸ், ரெகுலஸ் என்று வாயில் நுழையாத பெயர்கள். இவற்றில் எது ஆதிரை, எது புனர்பூசம், எது மகம்? அதைக் கண்டுபிடிக்க உதவியது வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டி.

'இன்று ரோகிணி' என்று நாட்காட்டியில் போட்டிருந்தால், வானத்தில் ரோகிணிக்கு உரிய பகுதியில் அன்று சந்திரன் நிற்கிறது என்று பொருள். சந்திரன் சுற்றி வரும் வட்டத்தை 27 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதி பதின்மூன்று பாகைக்குச் சற்றுக் கூடுதல், ஒரு கைப்பிடியும் கொஞ்சமும். ஆக, ரோகிணி நாளில் நிலாவைப் பார்த்தால் பக்கத்திலேயே செம்மஞ்சள் நிறத்தில் ரோகிணி தெரியும். கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய ஐந்தும் நிலா போகும் பாதையை ஒட்டியே இருப்பதால் இந்த முறையில் தவறாமல் அகப்படும். சுவாதி, திருவோணம் போன்றவை பாதையை விட்டு வெகுதூரம் தள்ளி நிற்பவை. அவற்றுக்கு நிலாவை நம்ப முடியாது, படம்தான் வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து, பெட்டல்ஜியூஸ் பக்கத்தில் திருவாதிரை, இரட்டையாக நிற்கும் கேஸ்டர், போலக்ஸ் பக்கத்தில் புனர்பூசம், ரெகுலஸ் பக்கத்தில் மகம் என்று தாளில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் நட்சத்திரம் மாறும் நேரத்தில் வித்தியாசம் வருவது அவரைக் குழப்பியது. இந்தக் கேள்வி பழைய கேள்வி. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கத்தை வானத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பாடுபட்டவர். 1867இல் வெளிச்சம் கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டறிந்து சொன்னவர். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி, சூரியனுக்குக் குறுக்கே கடந்து போனது. அதை நம் மக்களும் புரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்று இந்திய மொழிகளில் சிறு நூலாக எழுதி வெளியிட்டார். சென்னையில் நடந்த அந்த வானியல் வேலையின் தொடர்ச்சியாகத்தான் 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைந்தது. தேனியிலிருந்து வடக்கே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலைத்தொடர்தான் அது. வழிகாட்டி நூல் நம் ஆட்களுக்குப் புதிய சரக்கு இல்லை என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு தெம்பு வந்தது.

ஒரு நாளைக்கு நான்கு நிமிஷம்

இவ்வளவு தெரிந்த பிறகும் அய்யாவின் வரி விளங்கவில்லை. அதை விளக்கியது தாளின் ஓரத்தில் இருந்த ஒரு குறிப்பு. இந்த மாதம் 15ஆம் தேதி ஒன்பது மணிக்கு இருக்கும் வானம், அடுத்த மாதம் 15ஆம் தேதி ஏழு மணிக்கே வந்துவிடும் என்றது குறிப்பு.

பூமி சூரியனைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதால், எந்த நட்சத்திரமும் நேற்றைக்கு உதித்ததைவிட இன்றைக்கு ஏறக்குறைய நான்கு நிமிஷம் முந்தி உதிக்கும், முந்தி மறையும். நான்கு நிமிஷம் யாருக்கும் தெரியாது. ஒரு மாதத்தில் அது இரண்டு மணி நேரம். அதனால் மாசி தொடக்கத்தில் நள்ளிரவில் விழுகிற கார்த்திகை, மாசி முடிவில் பத்தேகாலுக்கே விழுந்துவிடும். பங்குனி நடுவில் ஒன்பதேகால்தான்.

அதே அடையாளத்தை நான்கு மாதமும் பிடித்துக்கொண்டிருந்தால் முன்முறைக்காரருக்குக் கடைசியில் தண்ணீரே மிஞ்சாது. ஆகவே மாதம் பிறந்ததும் அடையாளத்தையும் மாற்ற வேண்டும். கார்த்திகை விழுந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து விழுவது திருவாதிரை. அதற்கு இரண்டு மணி நேரம் கழித்துப் புனர்பூசம். அதற்கும் இரண்டு மணி நேரம் கழித்து மகம். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. அய்யாவின் வரி குழப்பமில்லை. அது மடை மாற்றும் அட்டவணை.

மாசி மகத்தோடு அது ஏன் ஒத்துப்போகவில்லை என்பதும் 2025 மார்ச் 12 சாயங்காலம் புரிந்துவிட்டது. அன்று மாசி மகம். பொழுது சாயும்போது கிழக்கே நிலா, அதன் பக்கத்தில் மகம். அதே நேரத்தில் கார்த்திகை மேற்கே சாய்ந்திருந்தது, திருவாதிரை நேர் உச்சியில் நின்றது. கோயில் கணக்கு, முழுநிலா எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்கிறது. அது பொழுது சாயக் கிழக்கே உதிக்கும் நட்சத்திரம். தாத்தாவின் கணக்கு, பொழுது சாய உச்சியில் இருந்து நள்ளிரவில் மேற்கே விழும் நட்சத்திரம். இரண்டும் சரி.

கணக்கை அவர் தோட்டத்திலேயே சோதித்துப் பார்த்தார். படத்தில் உள்ள மறையும் நேரம் தட்டையான தரைக்கு. அவருடைய மேற்கு மலை ஒரு கைப்பிடி உயரத்துக்கு மறைக்கிறது. வானம் ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து பாகை நகர்வதால், ஒரு கைப்பிடிக்கு நாற்பது நிமிஷம் கழிக்க வேண்டும். அந்த வருஷம் மாதப் பிறப்புகள் முழுநிலாவை ஒட்டியே வந்ததால் கார்த்திகைக் கூட்டம் மங்கித் தெரிந்தது. பத்து நாள் கழித்து இருட்டில் பார்த்து, பத்து நான்கு நாற்பது என்று நாற்பது நிமிஷத்தைக் கூட்டிக்கொண்டார். மாசி முதல் தேதிக்கு வந்த விடை 12.12.

ஓமான் நாட்டில் ஃபலஜ் என்று சொல்லும் பழைய வாய்க்கால் பாசனத்தில், இரவு முறையை நட்சத்திரம் மலைமுகட்டில் உதிப்பதையும் மறைவதையும் பார்த்து மாற்றும் வழக்கம் இருந்திருக்கிறது. அந்தப் பாசன அமைப்புகளில் ஐந்தை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கூடலூர் மலையடிவாரத்து ஓடையில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாத்தா செய்து வைத்ததும் அதே வேலைதான்.

நோட்டில் எழுதிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மாதக் கடைசியில் அடையாளம் பத்தேகாலுக்கு வந்துவிடுவதால், மாதம் முழுசுக்கும் சேர்த்தால் முன்முறைக்காரருக்குத்தான் தண்ணீர் குறைவு. அதைச் சமப்படுத்தவே மாதாமாதம் முறையை மாற்றச் சொல்லியிருக்கிறார் தாத்தா. 1978 பங்குனியில் முன்முறை அய்யாவுக்கு. திருடன் என்று பேர் வாங்கிய அந்த மாதம் அவருக்குக் கிடைத்தது குறைந்த பங்கு.

பங்குனி அமாவாசை

2025 மார்ச் 29 அமாவாசை, பங்குனி 15. சித்தப்பாவுக்கு இப்போது வயது 82. பெரியவர்கள் பேசிக்கொள்ளாவிட்டாலும் பிள்ளைகள் பேசிக்கொள்கிற காலம் இது. மகள்தான் போய்ச் "சின்னத் தாத்தா, தோட்டத்துக்கு வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று கூப்பிட்டாள். எதற்கு என்று கேட்காமல் வந்தார். பழைய மடைக்கல் பக்கத்தில் நாற்காலி போட்டு, தலைக்குத் துண்டு கட்டி உட்கார வைத்தார்கள். முதல் அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

கண்புரை அறுவை செய்த கண்ணுக்குக் கார்த்திகை புகைத் திட்டாகத்தான் தெரிந்தது. மகள் பைனாகுலரைக் கொடுத்தாள். "ஆறு இருக்கு" என்று எண்ணிச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அது மலைக்குப் பின்னால் போனது. மகள் செல்போனைக் காட்டினாள். ஒன்பதேகால்.

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரம் அவருக்கு மறந்திருக்க முடியாது.

அடுத்து வெளிச்சமான ஒன்று மலையை நோக்கி இறங்கியது. "இது எது?" என்றார்.

"வியாழன், சித்தப்பா. அது படத்துல கெடையாது. வருஷத்துக்கு ஒரு ராசி நகர்ந்துடும். குருப்பெயர்ச்சிங்கிறாங்களே, அதான். கணக்குல சேராது."

மகள் சிவப்பு டார்ச்சை அடித்து, தாளைப் பெரியவர் மடியில் விரித்து, மேற்கு ஓரத்தைக் கீழே திருப்பி வைத்தாள். ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு, நான்கு மாதத்துக்கும் நான்கு பெயர் சொன்னாள். பெரியவர் விரலை நீட்டித் தாளையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தேநீர் வந்தது. பதினொன்றேகாலுக்குத் திருவாதிரை சிவந்து, மலைமுகட்டில் ஒரு தடவை மின்னி, விழுந்தது.

வெகுநேரம் கழித்துச் சித்தப்பா பேசினார். "அண்ணன் சொன்னாரு. மாசத்தோட சேத்துத்தான் சொன்னாரு. நான் பாதியைத்தான் கேட்டேன்."

இவருக்கும் பதில் தெரியவில்லை. அய்யா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றும் தெரியவில்லை. "பனி இறங்குது, போவோமா சித்தப்பா" என்றார். போகும்போது தாளை மடித்துப் பெரியவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சித்திரை முதல் தேதி ராத்திரி இவருடைய செல்போன் அடித்தது. 47 வருஷத்தில் அந்த வீட்டுப் பெரியவர் பேசும் முதல் போன்.

"ஏப்பா, புனர்பூசம் விழுந்துருச்சு. மணி பன்னெண்டே கால். ஆனா ரெட்டைன்னு சொன்னீங்க, பக்கத்துல மூணாவதா ஒண்ணு செவப்பா இருந்துச்சே?"

"அது செவ்வாய், சித்தப்பா. கணக்குல சேராது."

"சரி, எழுதிக்க."

எழுதிக்கொண்டார். மோட்டார் ஓடிய மணிக்கணக்கை எழுதும் நோட்டில், அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'சித்திரை 1. புனர்பூசம் 12.15. பார்த்தவர் சித்தப்பா.'